பீரங்கிக்கு அடியில் உட்கார்ந்தவர்

குடியரசு தினத்துக்கு முந்தின வாரம், பருத்திப்பட்டில் எங்கள் தெருமுனைப் பால் பூத்துக்கு எதிரே எங்கப்பாவுக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். பத்தடி உயரம். பின்னால் தேசியக் கொடி, பக்கத்தில் ஒரு போர்க்கப்பல், கீழே 'தாய்நாட்டுக்காகக் கடலில் கலந்த மாவீரர் வீரராகவன்' என்று மஞ்சள் எழுத்து. அதெல்லாம் சரி. முகத்தைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. எங்கப்பா கறுப்பு. எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற கறுப்பு வெள்ளைப் படத்திலேயே அது தெரியும். ஃபிளெக்ஸில் நின்றவர் பவுடர் டப்பாவில் விழுந்து எழுந்த மாதிரி இருந்தார். உதட்டுக்குச் சிவப்பு வேறு.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது கடைசி மிஷினில் இருக்கிற பெண்ணுக்குக் கேட்கிற மாதிரி கத்துவதுதான் என் வேலை. அதே தொண்டையில், ஃபிளெக்ஸுக்கு ஏற்பாடு செய்த பிரசன்னாவுக்குப் போன் போட்டேன்.

"கலர மாத்தச் சொல்லி உன்கிட்ட யாரு கேட்டா?"

"நான் சொல்லலைங்க ஆன்ட்டி. ஃபிளெக்ஸ் கடையில அவங்களே பண்ணிடறாங்க. எல்லாருக்கும் அப்படித்தானாமா. வெளுப்பாக்காம குடுத்தா கஸ்டமர் சண்டைக்கு வர்றாங்கன்னு சொல்றாங்க."

"இப்ப நான் சண்டைக்கு வந்துகினு கீறேன்னு அவன்கிட்ட சொல்லு."

பால் பூத் அஞ்சலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வுடு ராணி. உங்க நைனா சும்மா சினிமாக்காரன் கணக்கா கீறாரு. நல்லாத்தானே கீது!"

"எங்க நைனா சினிமாக்காரன் இல்ல. கப்பக்காரன்" என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரசன்னா ஏரிக்கரை ஃபிளாட்டில் குடியிருக்கிற ஐடிக்காரன். சொந்த ஊர் ஈரோடு பக்கம். கடலைக் கண்ணால் பார்க்காத ஊரில் பிறந்தவனுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கப்பல் பைத்தியம். அதுவும் யுத்தத்தில் மூழ்கிய கப்பல்கள்தான் வேண்டும். அவற்றின் படங்களை உலகம் முழுக்கத் தேடி ஒரு வெப்சைட்டில் சேர்த்து வைக்கிறான். எங்கப்பா வேலை பார்த்த 'மந்தாகினி'யும் அதில் இருந்தது. டிஸ்ட்ராயர் என்று சொல்லப்படுகிற ரகம். நான் அம்மா வயிற்றில் இருந்தபோது நடந்த போரில் டார்பிடோ பட்டு மூழ்கியது. உள்ளே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கரைக்கு வரவில்லை. எங்கப்பாவும் வரவில்லை.

சேதி வந்த அன்றைக்கே அரக்கோணம் பக்கத்திலிருந்த மாமியார் வீட்டில் அம்மாவை ராசியில்லாதவள் என்று வெளியே தள்ளிவிட்டார்கள். வயிற்றில் என்னோடு பருத்திப்பட்டுக்கு, பிறந்த வீட்டுக்கு வந்தவள்தான். அதற்கப்புறம் அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்களும் போகவில்லை. கொஞ்ச நாள் கழித்து அப்பாவின் டிரங்குப் பெட்டி மட்டும் வந்தது. அதில் துணிமணிகளோடு உள்ளங்கை அளவில் ஒரு குரூப் போட்டோ. கப்பலில் ஒரு பீரங்கிக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர், பின் வரிசையில் நின்றுகொண்டு, முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு. அப்பாவுக்கு வேறு படம் கிடையாது. கல்யாணத்துக்குப் போட்டோக்காரரைக் கூப்பிடுகிற வசதி எங்கள் தாத்தாவுக்கு இல்லை.

சின்ன வயதில் நான் கேட்டபோது அம்மா நிற்கிற வரிசையில் ஒருவரைத் தொட்டுக் காட்டினாள். பிறகு ஆவடியில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கினோம். ஸ்டுடியோக்காரன் தொப்பியை எடுத்துவிட்டுக் கிராப்பு வரைந்தான், கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் மாட்டினான். செத்தவர்களுக்கெல்லாம் அவன் கடையில் அந்த ஒரே கோட்டுதான். சின்னப் போட்டோவைத் தொலைத்தும் விட்டான். ஆனாலும் சிரித்த முகமாக ஒரு அப்பா எங்கள் சுவருக்கு வந்துவிட்டார். பரீட்சைக்குப் போகும்போது அவரிடம் சொல்லிக்கொண்டு போவேன். என் கல்யாணப் பத்திரிகையை முதலில் வைத்தது அவர் முன்னால். என் வீட்டுக்காரர் செத்தபோது அவரிடம்தான் சண்டை போட்டேன், நீயாவது துணைக்கு இருந்திருக்கக் கூடாதா என்று.

போன வருஷம் பிரசன்னா எங்கள் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து மந்தாகினியைக் காட்டினான். அடேயப்பா, எத்தனை படம்! கப்பலை முதன்முதலில் தண்ணீரில் இறக்கியது, புகைபோக்கி, பின்னால் சுற்றுகிற விசிறி, மேலேயிருந்து விமானத்தில் எடுத்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்த ஆபீசர்கள், ஒவ்வொருவர் காலடியிலும் அவரவர் பெயர். அடுத்த படத்தில் கேப்டனின் நாய். அதற்குக் கீழேயும் பெயர் இருந்தது, டிக்கி என்று. அப்புறம் வந்தது அந்தக் குரூப் போட்டோ, அதே பீரங்கி. செத்துப்போன ஏதோ ஆபீசரின் ஆல்பத்தில் இருந்ததாம், அவர் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து நெட்டில் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே 'முன் பீரங்கி ஆட்கள்' என்று மட்டும் எழுதியிருந்தது.

பிரசன்னா எங்கள் சுவரையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இடது பக்கம் மூணாவது! அதே சிரிப்புங்க!" என்று துள்ளினான். நானும் பார்த்தேன். கோட்டு இல்லாமல், டை இல்லாமல், சட்டையில் எண்ணெய்க் கறையோடு அதே ஆள். அன்றைக்கு அழுதேன். படுக்கப் போகும்போதுதான் ஆத்திரம் வந்தது. நாய்க்குப் பெயர் எழுதத் தெரிந்தவனுக்கு எங்கப்பன் பெயரை எழுதக் கையில் சுளுக்கா?

அந்தப் பெயரை நாம் எழுதுவோம் என்று பிரசன்னாதான் கிளம்பினான். வெப்சைட்டில் 'இடமிருந்து மூன்றாவது, வீரராகவன், பருத்திப்பட்டு' என்று போட்டு, என் போன் நம்பரையும் சேர்த்தான். குடியரசு தினத்தன்று தெருமுனையில் படம் வைத்து மாலை போடுவது என்று ஃபிளாட்காரர்களும் தெருக்காரர்களும் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஒரு பெண் தன் அப்பா முகத்தை ஊருக்குக் காட்ட அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அதையும் வெள்ளையடித்துத்தான் காட்ட வேண்டுமா என்பதுதான் அன்று காலை எனக்கிருந்த பெரிய கோபம். மத்தியானம் வந்த போனில் அது ஒன்றுமில்லாமல் போயிற்று.

கம்பெனியில் சாப்பாட்டு நேரம். தெரியாத நம்பர்.

"நீங்கதான் ராணியா?" ஒரு பெண் குரல். தெற்கத்திப் பேச்சு. "நான் தூத்துக்குடில இருந்து ஜெபா பேசுதேன். எங்கப்பா படத்துக்குக் கீழ உங்கப்பா பேர ஏன் போட்டு வச்சிருக்கீய?"

"யாரும்மா நீ? ராங் நம்பரு."

"ராங் நம்பர் இல்ல. இடமிருந்து மூணாவது. எங்கப்பா ஞானமுத்து. மந்தாகினில போனவங்க. யாரு வீட்டு அப்பாவ யாரு எடுத்துக்கிடுதது? கேக்க ஆளில்லன்னு நெனச்சீயளோ?"

"தோ பாரு, வாய அளந்து பேசு! எங்க ஊட்டு சுவத்துல அம்பது வருசமா தொங்குறாரு. எங்கம்மா கைய வெச்சி காட்டின ஆளு அவரு. நீ இன்னா நேத்து பாத்துட்டு சொந்தம் கொண்டாடுறே?"

"உங்கம்மா கண்ண டாக்டர்ட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

திருப்பிக் கூப்பிட்டு நாலு வார்த்தை நாறடிக்கலாம் என்று போனை எடுத்தபோது வாட்சப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. சர்ச் வாசலில் மாப்பிள்ளை, பெண். தெளிவான படம். மாப்பிள்ளைக்கு அதே சிரிப்பு. இடது காது மடல் நுனியில் சின்னதாக ஒரு பிளவு. எங்கள் வீட்டு அப்பாவுக்கும் இடது காதில் அந்தப் பிளவு உண்டு. கோட்டு மாட்டிய ஸ்டுடியோக்காரன் காதை மட்டும் தொடாமல் விட்டிருந்தான்.

மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆவடி வரை பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேனா நின்று வந்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அம்மா வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பெயர் தாயம்மா. என் வாய் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் அவளிடம் ஒரு நிமிஷம் பேசினால் போதும். சுவரிலிருந்து படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் மடியில் மொச்சைத் தோலுக்கு மேலே வைத்தேன். பக்கத்தில் போனை வைத்தேன்.

"யாரும்மா இது?"

பார்த்தாள். காது வரைக்கும் பார்த்தாள். இன்னொரு மொச்சையை எடுத்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன்! தூத்துக்குடியில ஒருத்தி தன் அப்பன்னு சொல்றா. கல்யாண போட்டோ அனுப்பிச்சிகீறா. நீ காட்டின ஆளு யாரு?"

"ஆமாண்டி, தெரியாது!" அம்மா முறத்தைத் தள்ளினாள். "தெரியாமதான் காட்டினேன். இன்னா இப்போ? தூக்குல போடப் போறியா?"

"புருசன் மூஞ்சி தெரியாதா ஒருத்திக்கு?"

"எப்படி தெரியும்? சொல்லுடி, எப்படி தெரியும்? மணவறையில தல தூக்கினா எங்கம்மா தொடையில கிள்ளுவா. மாமியார் ஊட்ல பகல்ல அவரு குந்தற பக்கம் நான் போவக்கூடாது. ராவுல வெளக்க அமத்திடுவாங்க, பத்து பேரு படுத்துகினு கீற ஊடு. ஒரு மாசம் முழுசா இல்ல, கெளம்பிட்டாரு. அடுத்த லீவுக்கு வருவாரு, அப்போ பாத்துக்கலாம், அப்போ நல்லா நிமிந்து பாத்துக்கலாம்னு இருந்தேன். வந்தாரா?"

நான் வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"நீ ஸ்கூல்லருந்து வந்து மண்ணுல பொரண்டு அழுவுறே. எங்கப்பா எது, எங்கப்பா எதுன்னு. அம்மாந்துண்டு போட்டோ. எல்லாம் ஒரே சட்ட, ஒரே தொப்பி. பாதி பேருக்கு தாடி. அதுல எத சொல்றது? கல்யாணத்துல தாடி இல்லன்னு மட்டும் ஞாபகம். தாடி இல்லாதவங்கள்ல நல்லா சிரிச்சிகினு இருந்தவரக் காட்டினேன். கொழந்தைக்கு சிரிக்கிற அப்பனா இருக்கட்டுமேன்னு. நீயும் அழுவைய நிறுத்திட்டே."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்போ சொல்றது? நீ படிச்சி பாஸான சேதிய அந்தப் படத்துக்குச் சொன்னப்பவா? பத்திரிகைய வெச்சி கும்பிட்டப்பவா? படம் எடுத்தவன் பின்னால ஒரு பேரு எழுதியிருந்தா நான் ஏன் பொய் சொல்றேன்? என்னியத் திட்டு, நான்தான் எளிச்சவாச்சி!"

எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பெற்றவளாக இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ. கோபம் ஒருபக்கம் என்றால், யாரோ ஒருவருக்கு மகளாக இவ்வளவு நாள் இருந்துவிட்டோமே என்கிற வெட்கம் இன்னொரு பக்கம். அந்தப் படத்தை மடியிலிருந்து எடுத்தேன். மறுபடி மாட்டவும் மனம் வரவில்லை, தரையில் வைக்கவும் மனம் வரவில்லை. அவர் என்ன தப்பு செய்தார்? கட்டிலில் தலையணைமேல் வைத்துவிட்டு, காய் நறுக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன்.

ஃபிளெக்ஸ் கட்டியிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தேன். அஞ்சலை பால் பூத்திலிருந்து ஓடிவந்தாள்.

"இன்னாடி ராணி, பைத்தியமா? கலருக்காவ அறுத்துப் போடறியே! பெத்த அப்பன்டி!"

"எங்கப்பன் இல்ல இது. இன்னொருத்தி அப்பன்."

அஞ்சலைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மறுமுனையைப் பிடித்துச் சுருட்டிக் கொடுத்தாள். அங்கேயே நின்று ஜெபாவுக்குப் போன் போட்டேன்.

"எடுத்துட்டேன்மா. உங்கப்பாதான். எங்கம்மா ஆள் மாத்திக் காட்டிட்டாங்க."

சண்டைக்குத் தயாராக இருந்தவளுக்குச் சண்டை கிடைக்கவில்லை.

"வீட்ல உள்ள படத்துக்கு மாலை எல்லாம் போடுவீயளோ?"

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை."

"நாங்க போட மாட்டோம். எங்க சபையில வழக்கமில்ல" என்றாள். "எங்கப்பாவுக்கு மெட்ராஸ்லதான் மாலை கெடைக்கணும்னு இருந்திருக்கு." உடனே வைத்துவிட்டாள்.

அதற்குள் யாரோ சொல்லிப் பிரசன்னா செருப்புக்கூட மாட்டாமல் ஓடிவந்தான். நடந்ததைச் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது. "நான்தாங்க ஆன்ட்டி மூணாவதுன்னு அடிச்சுச் சொன்னேன், சரிபார்க்காம போட்டுட்டேன்" என்று ஆரம்பித்தான்.

"ஒப்பாரி அப்புறம் வெச்சிக்கோ. லேப்டாப் எடுத்துகினு ஊட்டுக்கு வா. அந்த வரிசையில எங்கப்பன் ஒருத்தன் கீறான் இல்ல? இன்னிக்கு அவனக் கண்டுபுடிச்சே ஆவணும்."

அம்மாவை ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்தோம். வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். கண் ஆபரேஷன் செய்த பிறகு அவளுக்குப் பார்வை நன்றாகவே இருக்கிறது. பிரசன்னா படத்தைப் பெரிதாக்கி நிற்கிற வரிசையில் ஒவ்வொரு முகமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். இந்தப் பெரிய படத்தில் ஒவ்வொருவனுக்கும் பல் தெரிந்தது, மரு தெரிந்தது. எல்லோருக்கும் இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். என் பிள்ளையைவிடச் சின்னவர்கள்.

"இவரா?"

"தெரியல."

"இவருங்களா பாட்டிம்மா? தாடியில்லாம நெனச்சுப் பாருங்க."

"தெரியலன்றேன் இல்ல! சும்மா சும்மா கேட்டா? இன்னொரு வாட்டி பொய் சொல்லவா?"

நிற்கிற வரிசை முடிந்தது. ஒருவர்கூட இல்லை. சிரிக்கிற ஒரு அப்பாவும் போய், இருக்கிற இத்தனை பேரில் ஒருவர்கூட அப்பா இல்லாமலும் போனால் நான் யாரைப் பார்ப்பது? பிரசன்னா பெருமூச்சு விட்டு, உட்கார்ந்திருக்கிற வரிசைக்குப் போவதற்காகப் படத்தை மேலே தள்ளினான். கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டான். முகங்கள் போய்க் கால்கள் வந்தன. தளம் கழுவிய கையோடு உட்கார்ந்திருப்பார்கள் போல, யாருக்கும் செருப்பில்லை. ஈரத் தரையில் வரிசையாகக் காலை நீட்டியிருந்தார்கள்.

"நில்லு" என்றாள் அம்மா.

அவன் படத்தை நகர்த்தப் போனான். அம்மா அவன் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். "நில்லுன்றேன் இல்ல!"

நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். திரையில் விரலை வைத்தாள். ஒரு இடது கால். அதன் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. குதிகாலுக்கு மேலே பழைய தழும்பு ஒன்று.

"இவருதான்."

"ம்மா, மூஞ்சியே இன்னும் வரலியே."

"மூஞ்சி எனக்குத் தெரியாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது? காலு தெரியும்டி. சாய்ங்காலம் வருவாரு. சொம்புல தண்ணி குடுப்பேன். வாசல்ல நின்னு கழுவிகினு உள்ள போவாரு. குனிஞ்ச தலைக்கு வேற இன்னா தெரியும்? தெனமும் பாத்தது இது ஒண்ணுதான்." விரலை எடுக்காமலே என் காலைப் பார்த்தாள். "நீ பொறந்தப்ப உன் கால் வெரல விரிச்சி விரிச்சிப் பாத்தேன். உனக்கு வரல."

பிரசன்னா மெதுவாகப் படத்தைக் கீழே இறக்கினான். முழங்கால் வந்தது. முழங்கால்மேல் ஒரு கை, விரல்களில் எண்ணெய் அழுக்கு. அரைக்கால் சட்டை. மேல்சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. கழுத்து வந்தது, நல்ல கறுப்புக் கழுத்து.

அதற்கு மேலே முகம் இல்லை. படம் எடுக்கிற அந்த நொடியில் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், அல்லது எதையோ பார்த்திருக்கிறார். தலையைத் திருப்பிவிட்டார். தொப்பியின் வெள்ளையும் முகத்தின் கறுப்பும் ஒன்றாகக் கலைந்து இழுத்துவிட்ட மாதிரி ஒரு தீற்றல். இந்தப் பக்கத்து ஆளின் மூக்குத் துவாரம் தெரிகிறது, அந்தப் பக்கத்து ஆளின் பருக்கூடத் தெரிகிறது. நடுவில் எங்கப்பா மட்டும் இல்லை. அந்த இடத்திலேயே நெற்றியை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிரசன்னா தொண்டையைக் கனைத்தான். "ஆன்ட்டி, இதச் சரி பண்ணிடலாங்க. இப்ப ஏஐ இருக்குதுங்க. உங்க போட்டோவையும் சேத்துக் குடுத்தா, அப்பா எப்படி இருந்திருப்பாருன்னு அதுவே..."

"வாய மூடு!" அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். "ஒருத்தி சிரிக்கிற மூஞ்சியா பாத்துக் குடுத்தா. ஒருத்தன் கோட்டு மாட்டினான். ஒருத்தன் வெள்ள அடிச்சான். இப்ப நீ மிசின்ல செஞ்சி தர்றியா? எங்கப்பனுக்கு எத்தினி மூஞ்சிடா ஒட்டுவீங்க? இருக்கிறத அப்படியே போடு. தலையிலருந்து கால் வரைக்கும். ஒரு வெரல வெட்டினாலும் உன் லேப்டாப்ப ஏரில கெடாசிடுவேன்."

"முகமில்லாம யாருன்னு எப்படிங்க தெரியும்?"

"பேரு எழுது. அதுக்குத்தானே பேரு? அந்த ஜெபாகிட்ட கேட்டு அவங்கப்பா பேரயும் எழுது. மிச்ச பேரு யார் யாருன்னு கேட்டுக் கண்டுபுடி. நாய்க்கு எழுதினான் இல்ல, மனுசனுக்கு எழுது."

அவன் தலையாட்டினான். அம்மா எங்கள் இருவரையும் கவனிக்கவே இல்லை. மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து, அந்தத் தீற்றலையே முறைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம், வீட்டுக்கு நேரம் கழித்து வந்த ஆளிடம் கேட்கிற மாதிரி, நேராகவே கேட்டாள்.

"எல்லாரும் ஒழுங்கா முன்னால பாத்துகினு கீறாங்க இல்ல? நீ மட்டும் எங்கய்யா திரும்பினே? ஒரு நிமிசம் சும்மா குந்திகினு இருக்க முடியல உன்னால?"